உடற்பயிற்சியை மருந்தாகத் தருவதென்றால் மருந்தைப் போலவே தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சிக்கும் மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மைக்காலமாகத் தொடர்ந்து கட்டுரைகள் வெளிவருவது மகிழ்ச்சி அளிக்கிறது. இயன்முறை மருத்துவத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் அவற்றைத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றின் அடிப்படைக் கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவற்றில் பல, ‘தினமும் அரை மணி நேரம் நடந்தால் மனச்சோர்வு பறந்துவிடும்’ என்ற வகையான ஓர் அறிவுரையோடு முடிந்துவிடுகின்றன. மனச்சோர்வு நோயால் படுக்கையை விட்டு எழுவதற்கே முடியாமல் கிடக்கும் ஒருவர் அந்த வரியைப் படித்தால் அது அவருக்கு உதவியாகத் தோன்றுமா, ‘நடக்கக்கூட மாட்டேன் என்கிறாயே’ என்ற இன்னொரு குற்றச்சாட்டாகத் தோன்றுமா என்று நாம் யோசிக்க வேண்டும். இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தக் கவலைதான்.

உடற்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் தலைமையிலான குழு, மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஏரோபிக் பயிற்சியையும் (இதயத் துடிப்பையும் மூச்சையும் கூட்டும் நடை, ஓட்டம் போன்றவை), இன்னொரு பிரிவினருக்கு செர்ட்ராலின் என்ற மருந்தையும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டையும் சேர்த்தும் 16 வாரங்கள் அளித்தது. 1999-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, மருந்து மட்டும் உட்கொண்டவர்களிடம் முன்னேற்றம் சற்று விரைவாகத் தொடங்கியது. ஆயினும் 16 வாரங்கள் முடிந்தபோது மூன்று பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே குழு 202 பேரைக் கொண்டு, மருந்துப்போலி (மருந்து போலத் தோன்றினாலும் மருந்து ஏதும் இல்லாத மாத்திரை) பெறும் பிரிவு ஒன்றையும் சேர்த்து, இன்னும் கவனமாக நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. பயிற்சியாளரின் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் 45 விழுக்காட்டினரும், வீட்டில் பயிற்சி செய்தவர்களில் 40 விழுக்காட்டினரும், மருந்து உட்கொண்டவர்களில் 47 விழுக்காட்டினரும், மருந்துப்போலி உட்கொண்டவர்களில் 31 விழுக்காட்டினரும் நோய் அறிகுறிகளிலிருந்து மீண்டிருந்தனர்.

இந்த எண்களை மேற்கோள் காட்டுபவர்கள் அவற்றின் பின்னால் இருந்த ஏற்பாட்டைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களிடம் யாரும் ‘போய் நடங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், உடலைத் தயார்படுத்தும் பத்து நிமிடங்கள், அதன்பின் அரை மணி நேர நடை அல்லது மெல்லோட்டம், இறுதியில் உடலைத் தணிக்கும் சில நிமிடங்கள் என ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு திட்டம் இருந்தது. ஒவ்வொருவரும் தம் இதயத் துடிப்பு எந்த அளவுக்கு உயர வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். குழுவாகப் பயிற்சி செய்தவர்களுக்கு, வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருந்தார். வீட்டில் பயிற்சி செய்த பிரிவினரும் அதே திட்டத்தை முறையாகக் கற்றுக்கொண்ட பிறகே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சுருங்கச் சொன்னால், அவர்களுக்கு உடற்பயிற்சி ஒரு சிகிச்சையாகவே வழங்கப்பட்டது.

இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய வேறோர் ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 361 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு, உடலியக்கத்தை அதிகரிக்க ஊக்கமளிக்கும் ஒருவர் சில முறை நேரிலும் பிறகு தொலைபேசியிலும் நோயாளிகளுடன் பேசினார். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம் என்பதை நோயாளிகளே தீர்மானித்தனர். தாங்கள் முன்பைவிட அதிகமாக இயங்குவதாக அவர்கள் தெரிவித்தார்கள். ஆனால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் அவர்களின் மனச்சோர்வு குறையவில்லை. இம்முடிவு வெளியானபோது, உடற்பயிற்சியால் மனச்சோர்வுக்குப் பயனில்லை என்று சிலர் அவசரமாக முடிவு கட்டினார்கள். என் கருத்து வேறு. அந்த ஆய்வு சோதித்தது ஊக்குவிப்பைத்தான். பயிற்சியை நேரடியாக அன்று. அக்கறையும் பயிற்சியும் உள்ள ஒருவர் மாதக்கணக்கில் பேசி ஊக்குவித்தும் கிடைக்காத பலன், நாளிதழில் வரும் ஒற்றை வரி அறிவுரையாலோ, உறவினர் ஒருவர் போகிற போக்கில் சொல்லும் வார்த்தையாலோ கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சான்றுகளின் வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வில் 39 ஆய்வுகள் பரிசீலிக்கப்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் மிதமானதாக இருந்தது. மிகக் கண்டிப்பான முறையில் நடத்தப்பட்ட ஒருசில ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அது சிறியதாகச் சுருங்கியது. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 218 ஆய்வுகளையும் 14,170 பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கிய பெரிய மதிப்பாய்வு ஒன்று வெளிவந்தது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசை வலுப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்கின்றன என்றும், பயிற்சியின் தீவிரம் கூடும்போது பலனும் கூடுகிறது என்றும் அது கூறியது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறித்த ஐயத்தையும் சேர்த்தே பதிவு செய்தது. மாத்திரைக்குப் பதில் மருந்துப்போலியைக் கொடுத்து நோயாளி அறியாமல் சோதிக்கலாம். ஒருவர் தாம் ஓடுவதை அறியாமல் அவரை ஓடவைக்க இயலாது. ஆகவே இத்துறையின் ஆய்வுகளில் எதிர்பார்ப்பின் விளைவை முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். அந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும், உடற்பயிற்சியைச் சிகிச்சையின் ஓர் அங்கமாக ஏற்பதற்குப் போதுமான காரணம் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்ற கேள்விக்குக் கட்டுரைகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை, உடலே சுரக்கும் வலிதணிப்புப் பொருளான எண்டார்பின். ஓடினால் எண்டார்பின் சுரக்கும், அதனால் மகிழ்ச்சி பிறக்கும் என்பார்கள். ஆனால் இரத்தத்தில் கூடும் எண்டார்பின், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பை எளிதில் கடந்துவிடுவதில்லை. எண்டார்பின் செயல்படும் வழியை நால்ட்ரெக்சோன் என்ற மருந்தால் அடைத்த பிறகும், ஓடியவர்கள் அதே மகிழ்ச்சியை உணர்ந்தார்கள் என்று 2021-இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வொன்று காட்டியது. கஞ்சாவில் உள்ள பொருட்களைப் போலச் செயல்படும், உடலே உற்பத்தி செய்யும் கன்னாபினாய்டு வகைப் பொருட்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கலாம் என்று இப்போது கருதப்படுகிறது.

அந்த நேரத்து மகிழ்ச்சியைவிட, வாரக்கணக்கில் மெதுவாக நிகழும் மாற்றங்களே சிகிச்சைக்கு முக்கியமானவை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியோர் பங்கேற்றார்கள். ஓராண்டு காலம் வாரம் மூன்று நாள் நடைப்பயிற்சி செய்தவர்களின் மூளையில், நினைவாற்றலோடும் மன அழுத்தக் கட்டுப்பாட்டோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. உடலை நீட்டி வளைக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்தவர்களிடம் அதே பகுதி வயதுக்கேற்பச் சுருங்கியிருந்தது. நீடித்த மனச்சோர்வு உள்ளவர்களிடம் இதே பகுதி சிறுத்துக் காணப்படுவது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளதால் இது கவனத்துக்குரியது. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் எலிகளிடம் கண்டறிந்த செய்தி இன்னும் வியப்பூட்டுவது. மன அழுத்தத்தின்போது உடலில் பெருகி மூளைக்குள் புகும் கைனுரெனின் என்ற பொருளை, பயிற்சி பெற்ற தசைகள் மூளைக்குள் நுழைய முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன என்பதே அது. கழிவுகளை நீக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும் உரியது என்று எண்ணியிருந்த நமக்கு, தசையும் மூளையைக் காக்கும் ஓர் உறுப்பு என்ற எண்ணத்தை அது தருகிறது. எலிகளிடம் கண்டதை அப்படியே மனிதர்களுக்குப் பொருத்த முடியாது என்றாலும், உடலையும் மனத்தையும் தனித்தனிப் பிரிவுகளாக நடத்தும் நம் மருத்துவ வழக்கத்தை இத்தகைய கண்டுபிடிப்புகள் கேள்விக்கு உட்படுத்துகின்றன.

வேதிப்பொருட்களுக்கு அப்பால் இன்னொன்றும் நடக்கிறது; அன்றாடப் பணியில் நான் அதிகம் காண்பது அதைத்தான். மனச்சோர்வு ஒருவரை ஒவ்வொரு செயலிலிருந்தும் விலக்குகிறது. விலக விலக, மகிழ்ச்சியோ நிறைவோ தரக்கூடிய அனுபவங்கள் குறைகின்றன. அவை குறையக் குறைய ‘என்னால் எதுவும் ஆகாது’ என்ற எண்ணம் வலுப்படுகிறது. இந்தச் சுழற்சியை உள்ளிருந்து பேச்சால் மட்டும் உடைப்பது எளிதன்று. குறித்த நேரத்தில் எழுந்து, குறித்த தூரம் நடந்து, திரும்பி வருகிறவரிடம் ‘இன்று ஒன்றைச் செய்து முடித்தேன்’ என்று சொல்லிக்கொள்ளக் கையில் ஒரு சான்று இருக்கிறது. மனம் ஒத்துழைக்கும் வரை காத்திருக்காமல் செயலை முதலில் தொடங்குவது என்பது உளவியல் சிகிச்சையிலும் ஏற்கெனவே கையாளப்படும் வழிமுறைதான். உறக்கமும் பசியும் ஓர் ஒழுங்குக்குத் திரும்புவதைச் சில வாரங்களில் நோயாளியின் வீட்டாரே கவனித்துச் சொல்கிறார்கள்.

மனப்பதற்றம் உள்ளவர்களிடம் உடற்பயிற்சியின் பங்கு சற்று வேறுபட்டது. திடீர்ப் பீதி நோய் உள்ளவர் தம் நெஞ்சு படபடப்பதையும் மூச்சு வாங்குவதையும் உயிருக்கு வந்த ஆபத்தின் அறிகுறியாக உணர்கிறார்; அந்த அச்சமே படபடப்பை மேலும் கூட்டுகிறது. வேகமாக மாடிப்படி ஏறும்போதும் இதே படபடப்பும் இதே மூச்சிரைப்பும்தான் வருகின்றன. மருத்துவர் ஒருமுறை பரிசோதித்து இதயத்தில் குறையில்லை என்று உறுதி செய்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிப் பயிற்சி செய்யும்போது, துடிப்பு ஏறுவதும் சில நிமிடங்களில் தானே இறங்குவதும் அவருக்குப் பழக்கமாகிறது. அந்த உணர்வின் மீதிருந்த அச்சம் தளர்கிறது. எனினும் மருந்தோடு ஒப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பீதி நோயாளிகள் 46 பேரிடம் 10 வாரங்கள் நடத்தி 1998-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓட்டப் பயிற்சி மருந்துப்போலியைவிடத் தெளிவான பலன் தந்தது. ஆனால் க்ளோமிப்ரமின் என்ற மருந்து அதைவிட விரைவாகவும் கூடுதலாகவும் பலனளித்தது. மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடத் தொடங்குங்கள் என்று எழுதுவோர் இந்த உண்மையை மறக்கக் கூடாது.

நோய் வராமல் காப்பதைப் பற்றிப் பேசும்போது செய்தி இன்னும் நம்பிக்கையூட்டுவதாக இருக்கிறது. நார்வேயில், மனநோய் அறிகுறி ஏதும் இல்லாத 33,908 பேரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி செய்திருந்தால் பின்னாளில் மனச்சோர்வு கண்டவர்களில் 12 விழுக்காட்டினர் அதைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. பயிற்சியின் கடுமை அங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்ததைப் படித்து மலைத்துப்போகிறவர்கள், ஒரு மணி நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் மனப்பதற்றத்தைப் பொறுத்தவரை அதே ஆய்வில் இத்தகைய தற்காப்பு தென்படவில்லை.

இங்கே, அதிகம் பேசப்படாத ஒரு கேள்விக்கு வருகிறேன். நாள் முழுவதும் மூட்டை தூக்குபவருக்கும், நின்றபடியே வேலை செய்பவருக்கும், வீட்டு வேலைகளில் ஒரு நிமிடமும் உட்காராத பெண்ணுக்கும் உடலியக்கம் குறைவா? இல்லை. பிறகு ஏன் அவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் நல்ல மன நலத்தோடு சேர்ந்து காணப்படுவதையும், பிழைப்புக்காகச் செய்யும் உடல் உழைப்பில் அத்தகைய தொடர்பு காணப்படாததையும், சில சமயம் அது மனநலக் குறைவோடு சேர்ந்தே இருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். செலவாகும் ஆற்றல் ஒன்றாக இருக்கலாம்; ஆனால் விருப்பம், ஓய்வு, கூடியிருக்கும் துணை, தன் நேரம் தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவை வேறுபடுகின்றன. உழைத்துக் களைத்தவரிடம் ‘உடற்பயிற்சி செய்’ என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. அவருக்கு முதலில் வேண்டியது உறக்கமும் ஓய்வும்; அதன் பிறகு வேண்டுமானால், அவர் மனம் விரும்பும் ஒரு விளையாட்டுக்கான நேரம். வீட்டுப் பெண்களைப் பொறுத்தவரை, அவர்கள் பயிற்சிக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள முன்வராத குடும்பம், அவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமையையும் விட்டுவிட வேண்டும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

அளவு மிஞ்சுவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 12 லட்சம் பேரின் தகவல்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரை, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் என்ற அளவில் பயிற்சி செய்தவர்களிடம் மனநலம் சிறந்திருந்ததாகவும், மிக அதிக நேரம் செய்தவர்களிடம் அந்த நன்மை மறைந்துபோனதாகவும் காட்டியது. உண்ணுதல் சார்ந்த மனநோய் உள்ள இளைஞர்கள் உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவதும், ஒருநாள் தவறினாலும் குற்ற உணர்வில் தவிப்பதும் உண்டு. இவர்களைப் பார்த்து ‘எவ்வளவு கட்டுப்பாடு’ என்று பாராட்டுவது நோயைப் பாராட்டுவதாகும்.

மனச்சிதைவு நோய் போன்ற கடும் மனநோய்கள் உள்ளவர்களைப் பற்றி இத்தகைய கட்டுரைகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம் அளிக்கிறது. அவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்குத் தற்கொலை மட்டும் காரணமன்று. இதய நோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்களே பெரும்பங்கு வகிக்கின்றன. அவர்களுக்கு இன்றியமையாத சில மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டுகின்றன. மருந்தை நிறுத்தவும் முடியாது, விளைவைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் கூடாது என்ற இந்த நிலையில், மருத்துவமனையிலேயே தொடங்கி வீடு திரும்பிய பிறகும் தொடரும் பயிற்சித் திட்டம் அவர்களின் ஆயுளைக் காக்கும் ஒரு வழி. இருந்தும், உடற்பயிற்சியால் மிகுந்த பயன் பெறக்கூடிய இவர்களுக்கே பயிற்சியாளர்கள் மிகக் குறைவாகக் கிடைக்கிறார்கள்.

அப்படியானால் முறையாக வழங்குவது என்றால் என்ன என்று கேட்கலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2022-இல் வெளியிட்ட மனச்சோர்வுச் சிகிச்சை நெறிகளில், தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கான தேர்வுகளில் ஒன்றாகக் குழு உடற்பயிற்சியைச் சேர்த்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்த வேண்டும், சுமார் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாக இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளாக 10 வாரங்கள் நடைபெற வேண்டும் என்ற அளவுக்கு அது விவரம் தருகிறது. மருத்துவரின் சீட்டில் ‘நடைப்பயிற்சி’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதுவதற்கும் இதற்கும் உள்ள இடைவெளியை நிரப்புவதே நம் முன்னுள்ள வேலை. எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், வாரத்தில் எந்தெந்த நாள், யாருடன், எப்போது மீண்டும் வந்து காட்டுவது ஆகியவை சீட்டில் இடம்பெற வேண்டும். முதல் வாரத்துக்கு ஐந்து நிமிடம் போதுமென்றால் ஐந்து நிமிடம் என்றே எழுத வேண்டும். நோய் கடுமையாக உள்ளவருக்கு முதலில் மருந்தும் உளவியல் சிகிச்சையும் அளித்து, எழுந்து நடமாடும் தெம்பு வந்த பிறகு பயிற்சியைத் தொடங்கினால் போதும். அதுவரை அவரை வற்புறுத்தத் தேவையில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ‘போய் நடந்துவிட்டு வா’ என்பதற்குப் பதிலாக ‘வா, நாம் நடந்துவிட்டு வரலாம்’ என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது, எவ்வளவு நல்ல அறிவுரையைவிடவும் பயன் தரும். வராத நாளில் கோபிக்காமல் மறுநாள் மீண்டும் அழைக்க வேண்டும். நடந்துகொண்டே பேசும்போது, எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாத பல விஷயங்களை நோயாளிகள் தாமாகவே சொல்லத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பேசும்போது வாழ்வில் பிடிப்பில்லை, இறந்துவிடலாம் என்பது போன்ற வார்த்தைகள் வந்தால், பயிற்சி சரிசெய்துவிடும் என்று காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. உடற்பயிற்சியும் மன நலமும் பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது, மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது, குறிப்பாக மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல் போன்ற தொல்லைகளும் நோய் திரும்பும் ஆபத்தும் உண்டு என்ற குறிப்பைக் கட்டுரையின் முடிவில் சிறு எழுத்தில் வைக்காமல் உடற்பகுதியிலேயே சேர்க்க வேண்டுகிறேன். அடுத்து, பொதுவான ஊக்க உரைகளுக்குப் பதிலாக, உடலசைவே இல்லாதிருக்கும் ஒருவர் முதல் நான்கு வாரங்களில் நாள்தோறும் என்ன செய்யலாம், முழங்கால் வலி உள்ளவர் அதற்கு மாற்றாக என்ன செய்யலாம், துணைக்கு வருபவர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதை மனநல மருத்துவர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து எழுதும் தொடராக வெளியிட முன்வர வேண்டும். அத்தகைய தொடருக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர், ஓர் இயன்முறை மருத்துவர்